ட்ராப் சுடுறது இனி கட்டுப்படியாகுமா? தோட்டா, க்ளே, ரேஞ்ச் செலவு: வடசென்னை ஆட்களின் இழை

பெரம்பூர் லோகோ | 19 ஜனவரி 2025, இரவு 9.42

நேரா விஷயத்துக்கு வரேன். மாசத்துல ரெண்டு ஞாயிறு, போனா நாலு ரவுண்டு ட்ராப் (மெஷின் வீசுற தட்டைப் பறக்கும்போதே சுடுற விளையாட்டு), அதாவது 100 க்ளே (அந்தத் தட்டுக்குத்தான் இந்தப் பேரு). கொரோனாவுக்கு முன்னாடி ஆன செலவுக்கு இப்ப பாதி ரவுண்டுதான் வருது. தோட்டா விலைதான் முழுக் காரணம்னு நான் சொல்றேன். கிளப்ல கேட்டா க்ளே விலை, டீசல், மெஷின் ரிப்பேர்னு அடுக்குறாங்க. யார் சொல்றது சரி? மாசச் சம்பளக்காரன் இதை மூட்டை கட்டிட வேண்டியதுதானா?

ராயபுரம் 12 போர் | 19 ஜனவரி 2025, இரவு 11.05

விலையை அப்புறம் பார்ப்போம், முதல்ல எண்ணிக்கையைப் பாருங்க.

ட்ராப்ல ஒரு ரவுண்டுக்கு 25 க்ளே. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தோட்டா வரை விடலாம். ரெண்டு பேரல் (குழல்) துப்பாக்கியில முதல் பேரல்ல 15 உடைக்கிறவர் மீதி 10-க்கும் ரெண்டாவதை விடுவார். மொத்தம் 35. நாலு ரவுண்டுல 140. நீங்க "100 சுட்டேன்"னு வீட்ல சொல்ற அன்னிக்கு காலியானது 140 தோட்டா.

ஸ்கீட்ல (ரெண்டு பக்கக் கூட்டுலேர்ந்து தட்டு வர்ற இன்னொரு வகை) ஒரு க்ளேக்கு ஒரே தோட்டா. 25-க்கு 25, அவ்வளவுதான்.

உங்க கிளப் ரசீதுல இருக்கிற ரேட்டைப் போட்டுக்குங்க. கணக்குக்கு வசதியா தோட்டா 50 ரூபாய், க்ளே 15 ரூபாய்னு நான் வெச்சுக்கறேன். 100 க்ளே ட்ராப்: தோட்டா 7,000, க்ளே 1,500, ஆக 8,500. அதே 100 ஸ்கீட்: 6,500. தோட்டா 10 ரூபாய் ஏறினா ட்ராப்காரருக்கு 1,400 கூடும், ஸ்கீட்காரருக்கு 1,000. க்ளே 5 ரூபாய் ஏறினா ரெண்டு பேருக்கும் 500தான். அதனால தோட்டாதான் பெரிய செலவுங்கிற வரைக்கும் நீங்க சொல்றது சரி. ஆனா அந்த 40 தோட்டா விலைவாசி கணக்குல வராது. அது உங்க கை கணக்கு.

பெரம்பூர் லோகோ | 19 ஜனவரி 2025, இரவு 11.20

குத்திக் காட்டிட்டீங்களே அண்ணே.

அப்ப ரெண்டாவது பேரலையே விட்டுடவா?

ராயபுரம் 12 போர் | 20 ஜனவரி 2025, காலை 6.50

பயிற்சியில விடுங்க. மூணு ரவுண்டு ஒரே தோட்டா போட்டுச் சுடுங்க, நாலாவது ரவுண்டுல மட்டும் ரெண்டு. மேல்-கீழ் பேரல் துப்பாக்கின்னா செலக்டரைக் கீழ் பேரலுக்கு வெச்சு அதுல மட்டும் லோடு பண்ணுங்க. கீழ் பேரல் தோளுக்கு நேர்க்கோட்டுல இருக்கும், சுடும்போது பேரல் முனை அதிகம் எகிறாது.

ரெண்டாவது தோட்டா இருக்குங்கிற தைரியத்துல முதல் ஷாட்டை அவசரமா விடுறதுதான் பெரும்பாலானவங்க வியாதி. க்ளேயைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே தட்டிடுவாங்க. ஒத்தைத் தோட்டா போட்டா அது தானா அடங்கும்.

இதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. வருஷம் பூரா ஒத்தைத் தோட்டாவுலயே பழகினா, தப்பின க்ளேயை விடாமல் தொடர்ந்து போய் ரெண்டாவதை விடுற பழக்கம் செத்துடும். போட்டியில 125 க்ளேல அப்படிக் காப்பாத்துற ஏழெட்டுதான் இடத்தை முடிவு பண்ணும். அதுக்காகத்தான் நாலாவது ரவுண்டு.

காசிமேடு பக்கம் | 20 ஜனவரி 2025, மதியம் 1.15

இன்னாபா இது, 25 தட்டு உடைக்கிற காசுல இங்க ஒரு வஞ்சிரமே வாங்கிடலாம் போலக்கீது.

சரி, சீரியஸா ஒரு கேள்வி. வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு இங்க கிலோ கணக்குல கிடைக்குது. காலி தோட்டாவும் ரேஞ்ச்ல குப்பையாக் கிடக்குது. நாமளே ரவை (தோட்டாக்குள்ள இருக்கிற சின்ன ஈய உருண்டை) வார்த்து ரொப்பிக்கிட்டா இன்னா?

ராயபுரம் 12 போர் | 20 ஜனவரி 2025, மதியம் 2.02

உள்ள போயிடுவீங்க. 1959 ஆயுதச் சட்டத்துல 5-வது பிரிவு, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேணும்னு சொல்லுது. துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதால தோட்டா செய்ய உரிமை வந்துடாது. அமெரிக்காக்காரன் வீட்ல உட்கார்ந்து ரொப்புற வீடியோவைப் பார்த்துட்டு இங்க செய்யக் கூடாது.

சட்டத்தை ஒதுக்கி வெச்சாலும் வேலைக்கு ஆகாது. வலைக் குண்டு மெத்தென்ற ஈயம். ரவைக்குப் போகிற ஈயத்துல 2-லிருந்து 5 சதவீதம் வரை ஆன்டிமனிங்கிற தனிமத்தைச் சேர்ப்பாங்க, கடினமாகணும்னு. மெத்தென்ற ரவை வெடிக்கிற அழுத்தத்துலயே சப்பையாகி, பறக்கும்போது பக்கவாட்டில் ஓடிடும். 35 மீட்டர்ல வட்டத்துக்குள்ள ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியா க்ளே தப்பிச்சுப் போகும்.

எண்ணூர் கெமிக்கல் | 20 ஜனவரி 2025, இரவு 10.30

ஆன்டிமனி பேச்சு வந்ததால சொல்றேன், விலை ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம். 2024 செப்டம்பர்ல சீனா அதோட ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. டிசம்பர்ல அமெரிக்காவுக்கு அனுப்புறதையே நிறுத்திடுச்சு. உலகச் சந்தையில விலை பல மடங்கு போச்சு. தோட்டாவுல அதோட எடை சொற்பம்தான், ஆனா ரவை செய்றவன் விலையை ஏத்த அது போதும்.

பெரிய அடி வெடிமருந்துல. புகையில்லா மருந்தோட உயிர் நைட்ரோசெல்லுலோஸ். பருத்திக் கொட்டையில ஒட்டியிருக்கிற குட்டைப் பஞ்சை நைட்ரிக் அமிலத்துல பதப்படுத்திச் செய்வாங்க. பீரங்கிக் குண்டைத் தள்ளுற மருந்துக்கும் அதே மூலப்பொருள். 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சதுலேர்ந்து ஐரோப்பிய ஆலைகள் முதல்ல ராணுவத்துக்குத்தான் சப்ளை பண்ணுது. ஞாயித்துக்கிழமை தட்டு உடைக்கிற நாம கடைசி வரிசை.

ராயபுரம் 12 போர் | 21 ஜனவரி 2025, காலை 7.10

எண்ணூர் சொன்னதுக்கு எடைக் கணக்கு சேர்க்கறேன். 24 கிராம் தோட்டா ஆயிரத்துக்கு ரவை 24 கிலோ. மருந்து தோட்டாவுக்குச் சுமார் ஒண்ணேகால் கிராம், ஆயிரத்துக்கு ஒண்ணேகால் கிலோ. மீதி பிளாஸ்டிக் குழாய், உலோக அடிப்பாகம், பிரைமர் (மருந்தைப் பத்த வைக்கிற பொட்டு), உள்ளே ரவையைத் தாங்குற பிளாஸ்டிக் வாட். எடையில ஈயம், விலைப் பதற்றத்துல மருந்தும் பிரைமரும்.

நம்மாட்கள் சுடுற 24 கிராம் போட்டித் தோட்டாவில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. நம்ம அரசு ஆலையும் 12 போர் தோட்டா போடுது. புனே கட்கி ஆலை, 2021 அக்டோபர்ல ராணுவத் தளவாட ஆலைகளை நடத்தின ஆர்ட்னன்ஸ் வாரியத்தைப் பிரிச்ச பிறகு முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்துக்குக் கீழ வந்துச்சு. ஆனா போட்டிக்குப் போறவங்க தேடுறது ஒரே லாட், ஒரே வேகம். அதுக்காக யூரோ கணக்குல கொடுக்கறோம். ரூபாய் சரிஞ்சா நம்ம தோட்டாவும் ஏறும். போதாததுக்கு அது வெடிபொருள் வகுப்பு 1.4S. துறைமுகத்துல மத்தக் கன்டெய்னர் மாதிரி யார்டுல போட்டு வைக்க முடியாது. தனிக் கையாளுதல், தனிக் கட்டணம்.

தண்டையார்பேட்டை ஸ்கீட் | 26 ஜனவரி 2025, மாலை 5.30

லோகோ தம்பி, 28 கிராம் வாங்கறீங்களா, 24 கிராமா? அதைச் சொல்லவே இல்லையே.

பெரம்பூர் லோகோ | 26 ஜனவரி 2025, மாலை 6.12

28. ரவை அதிகம்னா உடையுற வாய்ப்பு அதிகம்தானே?

தண்டையார்பேட்டை ஸ்கீட் | 26 ஜனவரி 2025, இரவு 8.00

2.4 மி.மீ. ரவை 24 கிராமுக்குச் சுமார் 300 இருக்கும். 28 கிராமுக்கு 350. அந்த 50 ரவை உங்க தப்பைத் திருத்தாது. ரெண்டடி பின்னாடி சுட்டா 350-ம் பின்னாடிதான் போகும். ஆயிரம் தோட்டாவுக்கு நாலு கிலோ ஈயம் கூடுதலாத் தோள்ல வாங்கறீங்க. மூணாவது ரவுண்டுல கண்ணு சிமிட்டுறது, தலையைத் தூக்குறது எல்லாம் அந்த உதையால வர்றது. சர்வதேச விதியிலயும் 24.5 கிராமுக்கு மேல போட முடியாது. ஒலிம்பிக்ல போடுறவங்களுக்கே அது போதும்னா நமக்கு என்ன?

ஸ்கீட்டுக்கு 2 மி.மீ. ரவை எடுங்க. 24 கிராம்ல 500-க்கு மேல வரும், தூரம் குறைவுங்கிறதால அடியும் போதும்.

எண்ணூர் கெமிக்கல் | 9 பிப்ரவரி 2025, மாலை 4.18

நம்ம ஊர்லயே க்ளே ஏன் செய்யக் கூடாதுன்னு தனியா ஒருத்தர் கேட்டிருந்தார். மணலி சுத்திகரிப்பு ஆலையில தார் வருது, அரியலூர்ல சுண்ணாம்புக்கல் மலை மலையாக் கிடக்குது, பிறகென்ன என்பது அவர் வாதம். பொதுவுல பதில் சொல்றேன்.

பேருதான் க்ளே, அதுல களிமண் கிடையாது. மூணுல ரெண்டு பங்கு சுண்ணாம்புக்கல் தூள், ஒரு பங்கு பிட்ச் (தார் மாதிரியான கெட்டிப் பொருள்), மேல பெயின்ட். சூடாக்கிக் கலந்து அச்சுல அழுத்துறது. 110 மி.மீ. அகலம், 105 கிராம் எடை, 5 கிராம் இப்படி அப்படி இருக்கலாம்.

சிக்கல் பிட்ச்ல. ரோடுக்குப் போடுற விஜி-30 தாரோட இளகு வெப்பநிலை குறைந்தபட்சம் 47 டிகிரி. மே மாசம் தகரக் கொட்டகைக்குள்ள அதைத் தாண்டிடும். அந்தத் தார்ல தட்டு செஞ்சா அடுக்கி வெச்ச இடத்துலயே அப்பளம் மாதிரி வளையும். க்ளேக்கு வேணும்கிறது 100 டிகிரிக்கு மேல இளகுற, தட்டினா படக்குனு நொறுங்குற கெட்டி பிட்ச். அது வேற சரக்கு, வேற ஆலை. நிலக்கரித் தார்ப் பிட்ச்ல அதைத் தின்கிற பன்னிக்கு விஷமான பொருட்கள் இருக்கு. பெட்ரோலியப் பிட்ச் கொஞ்சம் தேவலை.

அச்சு செய்யறது அடுத்த தலைவலி. விளிம்பு தடிமனா இருந்தா அடிபட்டும் உடையாது. மெல்லிசா இருந்தா மெஷின்லயே உடையும்.

காசிமேடு பக்கம் | 9 பிப்ரவரி 2025, மாலை 4.40

அப்ப கறுப்பு அப்பளம் பிசினஸ் கேன்சல்.

ராயபுரம் 12 போர் | 10 பிப்ரவரி 2025, காலை 6.35

மெஷின்ல உடையறதுன்னு சொன்னது முக்கியம். லோகோ, உங்க ரசீதுல நீங்க சுட்ட க்ளேயை எண்ணுறாங்களா, மெஷின் கவுன்ட்டரை எண்ணுறாங்களா? கவுன்ட்டர்னா உடைஞ்சு வந்ததுக்கும் நீங்கதான் காசு கட்டறீங்க. போட்டியில உடைஞ்சு வந்தது "நோ பேர்டு", மறுபடி வீசுவாங்க. பயிற்சியிலயும் அதே நியாயம்தான்.

நூத்துக்கு ஒண்ணு ரெண்டு உடைஞ்சு வர்றது சகஜம். அஞ்சைத் தாண்டினா மெஷினைப் பாருங்க. முதல்ல வீசுற கையில ஒட்டியிருக்கிற ரப்பர் பட்டை. தேய்ஞ்சு வழவழன்னு ஆனா க்ளே உருளாம வழுக்கும், சுழற்சி குறையும், தள்ளாடிப் பறக்கும். சுழற்சி குறைஞ்ச தட்டு அடிபட்டாலும் சீக்கிரம் உடையாது. தூசி மட்டும் பறக்கும், துண்டு விழாது. விதிப்படி கண்ணுக்குத் தெரியற துண்டு விழணும், தூசி கணக்கில்லை. தோட்டாவும் போச்சு, க்ளேயும் போச்சு. பட்டை மாத்துற செலவு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

அடுத்து ஸ்பிரிங். ட்ராப்ல 76 மீட்டர் போகணும், ஸ்கீட்ல 68. எதிர்க்காத்துல தூரம் குறையுதுன்னு சிலர் ஸ்பிரிங்கை முறுக்கிடுவாங்க. காத்து நின்ன பிறகு தளர்த்த மறந்துடுவாங்க. அன்னிக்கு சாயங்காலம் பூரா வாசல்லயே க்ளே சிதறும். காத்து இல்லாத நேரத்துல அளந்து வெச்சுட்டு அப்புறம் கையை வைக்காம இருக்கிறதே நல்லது.

கடைசியா லிமிட் சுவிட்ச், அதாவது வீசுற கையைச் சரியான இடத்துல நிறுத்துற சுவிட்ச். கடற்கரைப் பக்கம் உப்புக் காத்துல அதோட முனை பச்சை பூத்துடும். கை பாதி வழியில நிக்கும், இல்லேன்னா ரெண்டு தட்டு ஒண்ணா இறங்கி ரெண்டும் நொறுங்கும். அதைத் தொடறதுக்கு முன்னாடி 12 வோல்ட் பேட்டரி ஒயரைக் கழட்டி, இழுத்து நிக்கிற கையை விடுவிச்சிடுங்க. அந்தக் கை மணிக்கட்டை முறிச்சிடும்.

பெரம்பூர் லோகோ | 10 பிப்ரவரி 2025, இரவு 9.15

கவுன்ட்டர்தான் எண்ணுறாங்க. கேட்டேன். அடுத்த தடவையிலேர்ந்து கழிச்சுத் தர்றதாச் சொல்லியிருக்காங்க.

அது சரி, இவ்வளவு காசுல நாம ஏன் ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் போகணும்? எண்ணூர், மீஞ்சூர் பக்கம் காலி இடம் கொஞ்சமாவா இருக்கு? பெட்ரோல், சுங்கம், டிபன் எல்லாம் சேர்த்தா இன்னொரு ரவுண்டு காசு.

ராயபுரம் 12 போர் | 11 பிப்ரவரி 2025, காலை 7.00

இடம் காலியாத் தெரியும், காலியில்லை. ரவை எவ்வளவு தூரம் போகும்னு ஒரு பழைய சூத்திரம் இருக்கு: ரவையோட விட்டம் அங்குலத்துல எவ்வளவோ அதை 2,200-ஆல பெருக்கினா கஜத்துல தூரம். 2.4 மி.மீ.ன்னா 0.095 அங்குலம். 209 கஜம், அதாவது 190 மீட்டர் சொச்சம். காத்து, மேடு பள்ளம் எல்லாம் சேர்த்து முன்பக்கம் 275-லிருந்து 300 மீட்டர் வரை ஆள் நடமாட்டமே இல்லாம வைக்கணும். அதுவும் விசிறி மாதிரி விரிஞ்சு. ஏக்கர் கணக்குல ஆகும்.

அந்த நிலம் பூரா ஈயம் விழும். எண்ணூர் கழிமுகம், பழவேற்காடு ரெண்டும் ஈர நிலம். ரவையைக் கூழாங்கல்னு நினைச்சு வாத்து மாதிரி நீர்ப்பறவைங்க விழுங்கும். அதுக்காகத்தான் 2023 பிப்ரவரியிலேர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் ஈர நிலங்கள்ல ஈய ரவையைத் தடை பண்ணிச்சு. எண்ணூருக்கு இருக்கிற சாம்பல், எண்ணெய்ப் பிரச்சினை போதாதா? அங்க ரேஞ்ச் கேட்டு மனு போட்டா நானே எதிர்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

தண்டையார்பேட்டை ஸ்கீட் | 11 பிப்ரவரி 2025, இரவு 8.20

எஃகு ரவைன்னு ஒண்ணு இருக்கேன்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எஃகு ஈயத்தை விட லேசு, அதனால ரெண்டு நம்பர் பெரிய ரவை போடணும். கடினம், அதனால தடிமனான வாட் வேணும். பழைய துப்பாக்கியில ஃபுல் சோக் (பேரல் முனையில இருக்கிற சுருக்கம்) வழியா விட்டா பேரல் முனை வீங்கும். தாத்தா காலத்துத் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க பக்கத்துலயே போக வேண்டாம்.

பயணச் செலவுக்கு ஒரே வழி, ஒரு வண்டியில மூணு பேர். ஆனா தோட்டாவை ஒண்ணா வாங்கிப் பங்கு பிரிக்க முடியாது. அவங்கவங்க லைசென்ஸ்ல அவங்கவங்க பேருக்குத்தான் பதிவாகணும். கிளப் மூலமா வாங்கி ரேஞ்ச்லயே சுட்டுத் தீர்க்கறதுதான் தலைவலி இல்லாத வழி.

ராயபுரம் 12 போர் | 2 மார்ச் 2025, காலை 10.45

ஸ்கீட் மலிவுன்னு ஆரம்பத்துல சொன்னதை இன்னொரு தடவை யோசிச்சுப் பார்த்தேன். தோட்டா எண்ணிக்கையில சந்தேகமில்லை. ஆனா உடைஞ்ச க்ளேக்கு என்ன செலவுன்னு பார்த்தா புது ஆளுக்குக் கணக்கு மாறுது. சர்வதேச ஸ்கீட்ல துப்பாக்கி இடுப்புப் பக்கம் இருக்கணும், கூப்பிட்ட பிறகு 0-லிருந்து 3 நொடிக்குள்ள எப்ப வேணா க்ளே வரும். தோளுக்கு ஏத்தறதுலயே பாதி தப்பும். 25-ல 10 உடைச்சா, மேல வெச்ச ரேட்ல உடைஞ்ச ஒண்ணுக்கு 162 ரூபாய் 50 காசு. ட்ராப்ல 35 தோட்டா விட்டு 20 உடைக்கிறவருக்கு 106 சொச்சம்.

ஆனா ஸ்கீட்ல க்ளே போற பாதை மாறாது. எட்டு நிலையம், ரெண்டு கூடு, எப்பவும் அதே கோடு. தப்பு என்னன்னு கண்டுபிடிக்கிறது சுலபம், ஒரே நிலையத்துல நின்னு அதையே திரும்பத் திரும்ப அடிக்கலாம். ட்ராப்ல 15 மெஷின், அஞ்சு நிலையம், எது வரும்னு தெரியாது. என் கட்சி இன்னும் ஸ்கீட்தான். முழு ரவுண்டு சுடாதீங்க, எந்த நிலையம் உதைக்குதோ அதுல மட்டும் 10 தோட்டா.

தண்டையார்பேட்டை ஸ்கீட் | 2 மார்ச் 2025, மதியம் 12.10

சந்தோஷம் சார்.

பாரிஸ் 2024-ல ஸ்கீட் கலப்பு அணியில மகேஷ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நருக்காவும் வெண்கலத்தை விட்டது 43-க்கு 44. ஒரே ஒரு தட்டு. நம்ம பிருத்விராஜ் தொண்டைமானும் அதே பாரிஸ்ல ட்ராப் சுட்டார். புதுக்கோட்டை ஆள் போனாருன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்?

காசிமேடு பக்கம் | 2 மார்ச் 2025, மதியம் 12.25

ஒலிம்பிக்ல முன்னாடி நிஜப் புறாவையே சுட்டாங்களாமே, மெய்யாலுமா? நம்ம ஏரியா பந்தயப் புறாக்காரங்க காதுல விழுந்தா ரணகளமாயிடும்.

ராயபுரம் 12 போர் | 2 மார்ச் 2025, மதியம் 1.00

1900 பாரிஸ்ல, உண்மைதான். அதோட சரி. இதை மாடியில நின்னு சத்தமாப் பேசாதீங்க.

பெரம்பூர் லோகோ | 6 ஏப்ரல் 2025, இரவு 10.05

ஒத்தைத் தோட்டா, 24 கிராம், உடைஞ்சதைக் கழிக்கறது: மூணும் பண்றேன். பில் குறைஞ்சது கண்ணுக்குத் தெரியுது. வீட்லயே செய்யற மாதிரி பயிற்சி ஏதாவது இருக்கா?

ராயபுரம் 12 போர் | 7 ஏப்ரல் 2025, காலை 6.40

இருக்கு. பேரல் முனைக்குள்ள நுழையற மாதிரி ஒல்லியான, ஏஏ பேட்டரி போடுற டார்ச் வாங்குங்க. ஆடாம இறுக்கமா நிக்கற அளவுக்கு இன்சுலேஷன் டேப் சுத்துங்க. ஒளிவட்டத்தைச் சின்னப் புள்ளியாக் குறுக்குங்க.

அதுக்கு முன்னாடி: தோட்டா எல்லாம் வேற அறையில பூட்டியிருக்கணும். துப்பாக்கியைத் திறந்து ரெண்டு பேரல்லயும் தோட்டா நிக்கிற அறை காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க. ட்ரிக்கர் தட்டணும்னா ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போடுங்க, இல்லாட்டி ஊசி முனை உடையும்.

சுவரும் கூரையும் சேர்ற கோட்டை எடுத்துக்குங்க. ஒரு மூலையில ஆரம்பிச்சு, துப்பாக்கியைத் தோளுக்கு ஏத்திக்கிட்டே ஒளிப்புள்ளி அந்தக் கோட்டு மேலயே இன்னொரு மூலை வரைக்கும் போகணும். ஏத்தும்போது புள்ளி மேல எகிறினா பின் கை பத்தலை, முன் கைதான் தூக்குது. கீழ விழுந்து எழுந்தா பின் கை முந்துது; தலையைக் கொண்டுபோய் துப்பாக்கிக் கட்டையில ஒட்டறீங்களான்னும் பாருங்க. கட்டைதான் கன்னத்துக்கு வரணும். ஒரு நாளைக்கு 30 தடவை போதும், தோள் தளர்ந்த பிறகு செய்யறது தப்பைத்தான் பழக்கும்.

கதவு, ஜன்னலைச் சாத்திட்டுச் செய்யுங்க. நம்ம தெருவுல எதிர் வீடு கைக்கெட்டற தூரம். மொட்டை மாடிக்கு எடுத்துக்கிட்டுப் போனா பத்தாவது நிமிஷம் ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வரும், வர்றதுதான் நியாயம்.

பெரம்பூர் லோகோ | 13 ஏப்ரல் 2025, மாலை 7.30

புள்ளி கீழ விழுந்துதான் எழுந்திருக்கு. தலைதான் போல. சோக் மாத்தினா ஏதாவது சரியாகுமா? வெளிநாட்டுச் சோக் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்.

தண்டையார்பேட்டை ஸ்கீட் | 13 ஏப்ரல் 2025, இரவு 8.15

அந்தக் காசுக்குத் தோட்டா வாங்குங்க தம்பி.

தலை கீழ போகுதுன்னா கட்டையோட மேல் விளிம்பு உங்க கன்னத்துக்குத் தாழ்வா இருக்கு. மெல்லிய அட்டையை 2 மி.மீ. உயரத்துக்கு அடுக்கி டேப் போட்டு ஒட்டிப் பாருங்க. கண்ணு பேரல் மேல ஓடுற பட்டைக்கு நேரா, முனையில இருக்கிற குறி மணி மட்டும் தெரியற மாதிரி வந்தாச் சரி. சரியாயிடுச்சுன்னா அப்புறம் ஆசாரிகிட்ட போங்க. அட்டையில பத்து ரூபாய்ல தெரியறதை மரத்தைச் செதுக்கிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

எண்ணூர் கெமிக்கல் | 11 மே 2025, மதியம் 3.05

கத்திரி வெயில் நினைவூட்டல். க்ளே பெட்டியைக் கார் டிக்கியில விடாதீங்க. கெட்டிப் பிட்ச்சா இருந்தாலும் சூட்டுல ஒண்ணோட ஒண்ணு லேசா ஒட்டும். அந்த அடுக்கை மெஷின்ல போட்டா ரெண்டு சேர்ந்து இறங்கும். பெட்டியை நேரா நிமிர்த்தி, நிழல்ல, தரையில படாம பலகை மேல வைங்க. 150 தட்டு பெட்டி கிட்டத்தட்ட 16 கிலோ. நாலுக்கு மேல அடுக்கினா அடிப்பெட்டி விளிம்பு விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, வீசும்போதுதான் தெரியும்.

ராயபுரம் 12 போர் | 11 மே 2025, இரவு 9.50

தோட்டாவுக்கும் அதே. டேஷ்போர்டு மேல, வெயில் படற சீட்டுல வைக்காதீங்க. சூட்டுல அழுத்தம் ஏறும், உதை கூடும்.

கூடவே இன்னொண்ணு: ஈயம். சுட்ட கையோட பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காதீங்க. சோப்பு போட்டுக் குளிர்ந்த தண்ணியில கழுவிட்டுச் சாப்பிடுங்க. சுட்ட சட்டையைத் தனியாத் துவைங்க, வீட்ல சின்னப் பசங்க இருந்தா கட்டாயம்.

புது உறுப்பினர், வியாசர்பாடி | 22 ஜூன் 2025, காலை 11.30

வணக்கம் அண்ணன்களே. முழு இழையும் படிச்சேன். துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

ராயபுரம் 12 போர் | 22 ஜூன் 2025, மதியம் 12.40

வாங்காதீங்க, இப்போதைக்கு. கிளப்ல சேர்ந்து ரேஞ்ச்ல கிளப் துப்பாக்கியில பழகுங்க. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸ்ல ரெண்டு துப்பாக்கிதான், முன்னாடி மூணு இருந்துச்சு. முதல்ல தப்பா ஒண்ணை வாங்கிட்டா பாதி இடம் போச்சு. லைசென்ஸ் காலம் மூணு வருஷத்துலேர்ந்து அஞ்சு ஆனது ஒண்ணுதான் ஆறுதல்.

ட்ராப் துப்பாக்கி மேல தூக்கிச் சுடற மாதிரி கட்டை உயரமா இருக்கும், ஸ்கீட்டுக்கு அது ஒத்து வராது. எதைச் சுடப் போறீங்கன்னு தெரியாம வாங்கறதுதான் இந்த விளையாட்டுல பெரிய வீண் செலவு.

புது உறுப்பினர், வியாசர்பாடி | 22 ஜூன் 2025, மதியம் 12.55

சரிண்ணே. கிளப்ல கேக்கறேன்.

காசிமேடு பக்கம் | 19 அக்டோபர் 2025, மாலை 6.20

மழை புடிச்சிக்கிச்சி. போன வருஷத் தோட்டா ஒரு பெட்டி மிச்சம் கீது, அடிப்பக்கம் லேசா துரு. சுட்டுடலாமா?

ராயபுரம் 12 போர் | 19 அக்டோபர் 2025, இரவு 7.05

ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. துணியால துடைச்சா போற மேல் துரு பரவாயில்லை. பள்ளம் விழுந்திருந்தா, பிரைமரைச் சுத்திப் பச்சை பூத்திருந்தா, பிளாஸ்டிக் குழாய் உப்பி அறைக்குள்ள தானா விழாம தள்ள வேண்டியிருந்தா ஒதுக்கிடுங்க. ஒதுக்கினதைக் குப்பையில போடாதீங்க, வாங்கின கடையிலயோ கிளப்லயோ கொடுங்க.

மிச்சத்தைச் சுடும்போது காதைத் தீட்டி வைங்க. எப்பவும் வர்ற சத்தம் இல்லாம "பொத்"துனு வந்து உதையும் குறைஞ்சிருந்தா அடுத்ததைச் சுடாதீங்க. ஈர மருந்து பாதி எரிஞ்சு வாட் பேரல்ல மாட்டியிருக்கலாம். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு விட்டா பேரல் வெடிக்கும். முனையை ரேஞ்ச் பக்கமே வெச்சு அரை நிமிஷம் நில்லுங்க. திறங்க, தோட்டாவை எடுங்க, பின்பக்கத்துலேர்ந்து வெளிச்சம் தெரியுதான்னு ரெண்டு பேரலும் பாருங்க. தெரியலைன்னா கழி விட்டுத் தள்ளுற வரைக்கும் அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை ஸ்பான்ஜ் வெச்ச பெட்டிக்குள்ள மூடி வைக்காதீங்க. ஸ்பான்ஜ் ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும், கடல் காத்துல ரெண்டு நாள் போதும் பேரல் புள்ளி புள்ளியாப் பூக்க. பித்தளை பிரஷ் போட்டு அறைக்கு முன்னாடி ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் கறையை எடுத்துட்டு, எண்ணெயை மெல்லிசாத் துடைச்சு, சோக் மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி, பூட்டுற அலமாரியில நிக்க வைங்க. சிலிக்கா ஜெல் நிறம் மாறினா அடுப்பு ஓரத்துல உலர்த்தித் திரும்பப் போடலாம்.

காசிமேடு பக்கம் | 19 அக்டோபர் 2025, இரவு 7.30

பாத்தேன். 25-ல நாலு பச்சை, ஒண்ணு உப்பிக்கீது. அஞ்சையும் ஞாயித்துக்கிழமை கிளப்ல குடுத்துடறேன். மீதி 20-ஐ ஸ்கீட்ல நாலாம் நிலையத்துல தீர்க்கறேன், அதான் எனக்கு உதைக்குது.